எண்ணெய் பிரியுற பதம்

இந்த மூடிக்குள்ள கெடக்கதுதான் எண்ணெயாம். இருமல் மருந்து பாட்டில் மூடி. உள்ள அஞ்சு மில்லின்னு ஒரு கோடு போட்டிருக்கான், அந்தக் கோட்டுக்கு மேல ஒரு மயிரிழை ஏறிட்டுன்னு பையச் சாய்ச்சுச் சாய்ச்சு பாட்டிலுக்கே திருப்பி விட்டுக்கிட்டு நிக்கேன். கண்ணாடி வேற, சோத்துக்கு வச்ச ஒலைத் தண்ணி ஆவி பிடிச்சுத் தொலைக்கு. ஆயிரம் இலைக் கல்யாணத்துக்கு டின்னை அப்படியே தூக்கி உருளியில சரிக்கிற கை இது. அளவுன்னு ஒண்ணு பாத்ததே கெடையாது, கைக்கே தெரியும் எங்க நிறுத்தணும்னு. இப்ப ஒரு மூடியைப் பிடிச்சுக்கிட்டு கோடு பாக்குது. சவம். தென்காசி வட்டாரத்துல சைவச் சமையல்னா குத்தாலிங்கம், மண்டபத்துக்கு முன்பணம் குடுக்க முந்தி எனக்குத்தான் போன் போடுவாங்க. அந்தக் குத்தாலிங்கம் சொந்த வீட்டு அடுப்படியில பெருங்காய டப்பா எங்க இருக்குன்னு தெரியாம கால் மணி நேரமா ஒவ்வொரு டப்பாவாத் தொறந்து மோந்து பாத்துக்கிட்டு நிக்கேன். கேக்கலாம். பொண்டாட்டி முன்னறையில, பட்டாசல்ல கட்டில்லதான கெடக்கா, இங்க இருந்து சத்தம் குடுத்தா கேக்கும். கேட்டா எந்திரிச்சு வந்துருவா. வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது பாதிதான் நெசம். முப்பத்திரண்டு வருசமா குடித்தனம் நடக்கிற வீட்டுல பெருங்காயம் எங்க இருக்குன்னு பொண்டாட்டிட்டக் கேக்க எனக்கு மானக்கேடா இருக்கு, அது மீதி.

சமையக்காரன் வீட்டுல சமைக்க மாட்டான். எங்க தொழில்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, இதைத்தான் சொல்லுவான். விடிய முந்தி இருந்து வெயில் எறங்குற வரைக்கும் அனல்ல நின்னுட்டு வந்தவன், வீட்டு அடுப்பைப் பாத்தா எரிச்சல்தான் வரும். அடுப்பா இது? வெளையாட்டுச் சாமான். பர்னரு என் உள்ளங்கை அகலம்கூட இல்ல. இதுல வச்சுத்தான் உலகு முப்பத்திரண்டு வருசம் பொங்கியிருக்கா. உலகம்மாள்னு பேரு, நான் உலகுன்னுதான் கூப்பிடுவேன். இன்னைக்கு சனிக்கிழமை. திங்கக்கிழமை பத்து மணிக்கு டாக்டர்ட்டக் காட்டணும். கணையம் வீங்கிட்டுன்னு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில போட்டு, மூக்கு வழியா குழாயை விட்டு அதுலதான் எல்லாம் ஏத்துனாங்க. குழாயை உருவுன அன்னைக்கு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே இது வேண்டாம்னு சைகை காட்டுனா பாருங்க, தொண்டை புண்ணாகி வாயில பேச்சு வரல அப்ப, கண்ணுல தண்ணி மட்டும் ஊத்துது. டாக்டரு என்ன சொன்னாரு? வாய் வழியா சாப்பிட்டு எடை ஏறணும், திங்கக்கிழமைக்குள்ள ஏறலன்னா மறுபடியும் குழாய்தான். வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு. கஞ்சி வச்சாச்சு, இட்லி அவிச்சாச்சு, பாசிப்பருப்பைக் குழைச்சாச்சு. மக கோமதி இருந்த வரைக்கும் அவ வச்சா. ரெண்டு கரண்டி போகும், தட்டு நகந்துரும். போதும்ங்கா. எண்ணெயே இல்லாததை எப்படித் திங்கன்னு ஒரு வார்த்தை திட்டவாவது செய்தா பரவால்ல. திட்டவும் மாட்டேங்கா. கோமதி பிள்ளைக்குப் பரீட்சைன்னு காலையில கோயம்புத்தூர் பஸ் ஏறிட்டா. அவ போனதும் இவ, சுவரைப் பாத்துக்கிட்டே, இனிப்பும் புளிப்புமா எதாச்சும் இருந்தா ரெண்டு வாய் எறங்கும் போல இருக்குங்கா. பதினஞ்சு நாளுல அவளா வாயைத் தொறந்து ஒரு சாப்பாட்டைக் கேட்டது இதுதான். பூசணிக்காய்ப் புளிக்கறின்னேன். தலையை ஆட்டுனா. ஆட்டுனாளா, இல்ல கழுத்து வலிச்சுத் திருப்புனாளா, அதுவும் எனக்கு மட்டுப்படல.

சுவத்துல கோமதி ஒரு தாளை ஒட்டிட்டுப் போயிருக்கா. அந்த உணவு ஆலோசனை சொல்லுத பொண்ணு குடுத்த தாள். எண்ணெய் நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அஞ்சு மில்லி. நெய் கூடாது. தேங்காய் கூடாது. பொரித்தது, வறுத்தது கூடாது. வெல்லம் அளவாய். புளி குறைவாய். படிச்சாலே எனக்கு வயிறு எரியுது. அந்தப் பிள்ளைட்ட நான் கேட்டேன், எம்மா, ஒரு தேக்கரண்டியில எப்படிம்மா தாளிக்க, எப்படி வதக்கன்னு. அது சொல்லுது, தண்ணியிலயே வதக்கலாம் சார், லேசாத் தண்ணி தெளிச்சு மூடி வச்சா போதும்ங்குது. தண்ணியிலயா? தண்ணியில போட்டா அதுக்குப் பேரு அவிக்கதும்மா, வதக்கதுன்னா எண்ணெயில, ரெண்டும் வேற வேறன்னேன். ரெண்டும் சாப்பாடுதான சார்னு சிரிக்குது. கோமதி என் சட்டையைப் பிடிச்சு இழுக்கா, யப்பா சும்மா இருங்கன்னு. சும்மா எப்படி இருக்க? வதக்கு, அவின்னு ரெண்டு வார்த்தை வச்சிருக்கோம்லா, எதுக்கு வச்சிருக்கோம்? அந்தப் பிள்ளை மேல கோவிச்சு என்ன ஆகப் போவுது. அதுக்கு முந்தி டாக்டரு கேட்டாரு ஒரு கேள்வி, அம்மா எண்ணெய்ப் பலகாரம் ரொம்ப சாப்பிடுவாங்களான்னு. ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கேன்னாரு. கோமதி என்னைப் பாத்தா. ஒரு பார்வைதான். கல்யாண வீட்டுல மிஞ்சினதைத் தூக்குவாளியில கொண்டாந்து வைப்பேன், முப்பத்திரண்டு வருசமா. வடை, பஜ்ஜி, நெய் சொட்டச் சொட்ட மைசூர்பாகு, எண்ணெய் மெதக்கிற உருளைக்கிழங்குக் காரக்கறி. முகூர்த்த மாசம்னா வீட்டுல அடுப்பே எரியாது, அதைத்தான் திம்பா. பெருமையாத்தான் கொண்டாருவேன். என் பொண்டாட்டி தினம் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுதான்னு பந்தலுக்குப் பந்தல் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கோட்டிக்காரன்.

சரி, சட்டி காஞ்சிட்டு. மூடியை ஊத்துனா எண்ணெய் எங்க போச்சுன்னே தெரியல. சட்டிக்கு நடுவுல ஒரு காசு அகலத்துக்கு மினுங்குது, அவ்வளவுதான். கடுகைப் போட்டேன். கடுகு முங்கணும்லா, முங்குனாத்தான வெடிக்கும். நாலு கடுகு வெடிக்கு, மத்ததெல்லாம் என்னையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. தீயைக் கூட்டுனேன். கூட்டுன ஒரு நிமிசத்துல எல்லாம் கரிக்கட்டை. மிளகா வத்தல் கறுப்பா சுருண்டு, நெடி மூக்குல ஏறி, நான் இருமுத சத்தம் கேட்டு பட்டாசல்ல அவளும் இருமுதா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருமுவா, எனக்குத் தெரியும், இருமுனா அவளுக்கு இழுத்துப் பிடிக்கும். சன்னலைத் தொறந்தேன். காத்தாடியைப் போடலாம்னா அடுப்பு அணையும். சனியன் பிடிச்ச அடுப்படி. சட்டியைத் தொட்டியில கவுத்தேன். இன்னைக்குள்ள ஒரு தேக்கரண்டி போச்சு. போச்சா? இப்ப ரெண்டாவது மூடி ஊத்தலாமா, ஊத்தக்கூடாதா? அவ வயித்துக்குள்ள போகாத எண்ணெய் எப்படிக் கணக்குல வரும்? வராது. வராதுன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் கை பாட்டில்ட்டப் போக மாட்டேங்கு. காலையில இட்லிக்குப் பொடி வச்சாளே கோமதி, பொடியில எண்ணெய் தொட்டாளா? தொட்டிருக்க மாட்டா, அவ வெவரமானவ. ஒரு சொட்டு தொட்டிருந்தா? ஒரு சொட்டு கூடுனா என்ன ஆகும்? மறுபடியும் அந்த வலி வந்துட்டா? அந்த வலியை நான் கண்ணால பாக்கல. பாத்தவங்க சொன்னாங்க, தரையில சுருண்டு கெடந்தான்னு. அதை நெனச்சா எனக்கு இந்த பாட்டில், இந்த மூடி, எதையும் தொடப் பிடிக்கல. ஆனா தாளிக்காம புளிக்கறி எப்படி வைக்க? சட்டியைச் சாய்ச்சுப் பிடிச்சா எண்ணெய் ஒரு ஓரத்துல சேரும், சேந்தா கடுகு முங்கும். இது ஏன் முன்னயே மூளையில ஏறல? ரெண்டாவது மூடி. கோட்டுக்குக் கீழயே நிறுத்தியாச்சு. துணியால சட்டிக் காதைப் பிடிச்சுச் சாய்ச்சு, ஒரு ஓரமா நெருப்பைக் காட்டி, கடுகு, வெந்தயம், வத்தல் ஒண்ணே ஒண்ணு, கறிவேப்பிலை. வெடிக்கு. வெடிச்சிட்டு. அறுவத்தோரு வயசுல கடுகு வெடிச்சதுக்கு சந்தோசப்படுத ஆளாயிட்டேன். சோத்துக்கு அரிசி எடுக்கப் போனா, பெருங்காயம் அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சு. வண்டு வராதுன்னு போட்டு வச்சிருக்காளாக்கும், சொன்னாத்தான தெரியும்.

பூசணிக்காய் மூணு கிலோ. முழுசா வாங்கிட்டேன், கீத்து வாங்கணும்னு அயத்துப் போச்சு. கடைக்காரன், என்னண்ணே எத்தனை இலைன்னான். ஒரு இலைன்னேன். சிரிச்சான். அந்த ஒரு இலைக்குத்தான் எனக்குக் கணக்கு வர மாட்டேங்கு. நூறு இலைக்குச் சொல்லு, தூக்கத்துல சொல்லுவேன்: எட்டு கிலோ காய், முக்கால் கிலோ புளி, ஒரு கிலோ வெல்லம், ஒரு லிட்டர் நல்லெண்ணெய், பத்து தேங்காய். அதை நூறால வகுத்தா ஒரு இலைக்குப் புளி ஏழரை கிராமாம். ஏழரை கிராம் புளின்னா எம்புட்டு? கொட்டை அளவா, நெல்லிக்காய் அளவா? பிச்சுப் பிச்சு உள்ளங்கையில வச்சுப் பாத்தேன். அதுல பாதியைத் திருப்பி டப்பாவுல போட்டேன், குறைவாய்னு தாள்ல போட்டிருக்கே. பெறவு, புளிப்பு கேட்டாளே, புளிப்பே இல்லன்னா எப்படித் திம்பான்னு மறுபடியும் எடுத்தேன். வெல்லத்துக்கும் இதே கூத்து. பெரிய சமையல்ல ஒரு பிடி கூடுனா ஒரு பிடி குறைஞ்சா தெரியாது, அத்தனை பேரு நாக்கும் சேந்து பங்கு போட்டு எடுத்துக்கிடும். ஒத்தை நாக்குக்குச் சமைக்கும்போது ஒளியவே எடம் இல்ல. தப்பு வந்தா நேரா என் தப்புதான். காய் வேகுது. தண்ணியிலதான் வேகுது, அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி, அவிஞ்சுக்கிட்டுக் கெடக்கு. மஞ்சப்பொடி போட்டேன். உப்பு போட்டேனா? போட்டேன். போட்டேன்னுதான் நெனைக்கேன்.

போன் அடிக்கு. கோமதி. அடுப்பைக் குறைச்சுட்டு எடுத்தேன். இப்பல்லாம் ஒரு மணி அடிச்சு முடிக்க முந்தி எடுத்துருதேன். "யப்பா, மதுரை தாண்டியாச்சு. அம்மா என்ன செய்தா?" படுத்திருக்கா. "சாப்பிட்டாளா?" வச்சுக்கிட்டிருக்கேன். "நீங்களா? யப்பா, எண்ணெயைப் பாத்து ஊத்துங்க, கல்யாண வீட்டுக் கைன்னு ஊத்திறாதிங்க." சரி. "தேங்காய் அரைச்சு விட்டுறாதிங்க." சரிம்மா. "போனைப் பக்கத்துலயே வச்சுக்கிடுங்க. அன்னைக்கு மாதிரி பைக்குள்ள போட்டுட்டு சத்தம் கேக்காம இருந்துறாதிங்க." சரின்னேன். வச்சுட்டா. அவ ஒண்ணும் குத்திக் காட்டணும்னு சொல்லல. நான் சொன்னதைத்தான் அவ திருப்பிச் சொல்லுதா. சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டியிருந்தேன், போனு அதுக்குள்ள இருந்துச்சு, பந்தல் சத்தத்துல கேக்கல: இதைத்தான் ஆஸ்பத்திரி வாசல்ல சொன்னேன். எதுத்த வீட்டு பாக்கியம் டீச்சர்ட்ட இதையே சொன்னேன், அவதான் உலகு மொனங்குத சத்தம் கேட்டு வந்து ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவ. டாக்டர்ட்ட, மாப்ளைட்ட, கேட்டவன் கேக்காதவன் எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்ததுன்னு தோணுத அளவுக்கு ஆயிட்டு. ஆனா சட்டை ஆணியில இல்ல. போனு என் மடியில, வேட்டி மடிப்புக்குள்ள இருந்துச்சு. பாவூர்சத்திரத்துல கல்யாணம், மூணாவது பந்தி உக்காந்தாச்சு, தேங்காய்ப்பால் சொதி பொங்கி வருது. போனு அதிருது. எடுத்துப் பாத்தேன். உலகுன்னு இருந்துச்சு. என்னத்தைக் கேக்கப் போறா, எப்ப வருவிங்கன்னு கேப்பா, பெறவு பேசிக்கிடலாம்னு திருப்பி மடியில சொருவிட்டேன். மறுபடியும் அதிர்ந்துச்சு. மறுபடியும். நாலு தடவை. நாலாவது தடவை எனக்கு எரிச்சல் வந்து, இவளுக்கு நேரங்காலம் தெரியாதான்னு வாய்விட்டுச் சொன்னேன். சொதியை நல்லபடியாத்தான் எறக்குனேன். பொண்ணு வீட்டுக்காரரு கையைப் பிடிச்சுப் பாராட்டுனாரு. அந்நேரம் இவ இந்த அடுப்படித் தரையில கெடந்திருக்கா. இந்தா, நான் நிக்கேனே, இதே தரை. ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தா இவ்வளவு வீங்கியிருக்காதுன்னாரு டாக்டரு. அவ ஒரு வார்த்தை கேக்கல, ஏன் எடுக்கலன்னு. நான் ஆணி, சட்டை, பைன்னு சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தா. கண்ணை மூடிக்கிட்டு.

காய் வெந்துட்டு, புளித்தண்ணியை விட்டாச்சு, வெல்லத்தைத் தட்டிப் போட்டாச்சு. இப்ப கொதிக்குது. கொதிக்கட்டும். இனிமே ஒண்ணும் வேலை இல்ல, கிண்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான், எண்ணெய் பிரியுத வரைக்கும். நின்னேன். கிண்டுனேன். சுத்தி ஓரத்தைப் பாத்தேன். எண்ணெய் பிரியல. இன்னும் செத்த நேரம். கெட்டியாகுது, குமிழி பெருசாகுது, பிரியல. தீயைக் குறைச்சேன். தீயைக் கூட்டுனேன். என்ன எழவுக்குப் பிரிய மாட்டேங்குன்னு குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கேன், அப்ப பட்டாசல்ல இருந்து அவ குரலு, சன்னமா, "என்னங்க, எண்ணெய் பிரிஞ்சுட்டா?" எனக்கு வந்துச்சு பாருங்க வெப்ராளம். "ஊத்துனாத்தானட்டி பிரியும்! எதைப் பிரிக்கச் சொல்லுத? மருந்து மூடியில ஊத்திருக்கேன், அது எங்கன்னு நானே தேடிக்கிட்டு நிக்கேன்!" கத்திட்டேன். பதினஞ்சு நாளா அவகிட்டக் குரலே ஒசத்தாம இருந்தேன். எட்டிப் பாக்கப் பயமா இருந்துச்சு. பெறவு, கட்டில் லேசாக் கிறீச்சுங்குது, ஒரு மாதிரி மூச்சு விட்டு விட்டு வருது. அழுதாளோன்னு ஓடிப் போய்ப் பாத்தா, வயித்தை ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு சிரிக்கா. சிரிச்சா வலிக்கும் அவளுக்கு. "போங்க," ங்கா, "அடிப்பிடிக்கப் போகுது." ஓடியாந்தேன். அவ சிரிச்சது நல்லதுதான். ஆனா எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா நானும் கால் மணி நேரமா அதைத்தான பாத்துக்கிட்டு நின்னேன், இல்லாத எண்ணெய் எப்ப மெதக்கும்னு.

இப்ப பிரச்சனை இதான். எனக்கு எறக்குத நேரம் தெரியாது. நாப்பது வருசமா என் கண்ணுக்கு ஒரே அடையாளம்தான், ஓரத்துல எண்ணெய் தனியா நிக்கணும், நின்னா முடிஞ்சது. புளி வெந்துட்டு, பச்சை வாசனை போயிட்டு, உப்பும் இனிப்பும் சேந்துட்டுன்னு எல்லாத்தையும் அந்த எண்ணெய்தான் எனக்குச் சொல்லும். மோந்து பாத்தும் சொல்லுவேன், ஆனா அது உருளி நெறையக் கொதிக்கும்போது, மூஞ்சியில அடிக்கிற ஆவியில. இந்தச் சட்டியில என்ன ஆவி வருது, என் கண்ணாடியை மறைக்கத்தான் பத்துது. வாயில விட்டுப் பாக்கலாமேன்னு யாரும் கேப்பாங்க. பாக்க மாட்டோம். பிள்ளையாருக்கு ஒரு இலை போடுத வரைக்கும் சமையக்காரன் நாக்குல ஒண்ணு படக்கூடாது, பட்டா எச்சில். ஆயிரம் இலைக்கு வச்ச சாம்பாரா இருந்தாலும் சரி, உப்பு பாக்காமத்தான் பந்திக்கு அனுப்புவேன். பந்தி முடிஞ்ச பெறவும் திங்க மாட்டேன். அனல்ல நின்னவனுக்கு அதைப் பாத்தாலே ஒமட்டும், தயிர்ச்சோறும் ஊறுகாயும்தான் எறங்கும். இங்க பிள்ளையாருக்கு இலை போடல. யாரும் கேக்கப் போறதில்ல. கேக்காட்டாலும் கை மேல எழும்ப மாட்டேங்கு. இதை இப்படியே கொண்டு போய், புளி பச்சையா இருந்து, அவ ஒரு வாய் வச்சுட்டுத் தட்டை நகத்திட்டான்னா? இதுக்கு மேல குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம், நாளைக்கு, அப்புறம் திங்கக்கிழமை. குழாய். அவ சைகை காட்டுன கை. மனசைக் கல்லாக்கிக்கிட்டு கரண்டி நுனியில ஒரு துளி எடுத்து ஊதி நாக்குல வச்சேன். புளிப்பு இருந்துச்சு. இனிப்பு இருந்துச்சு. ஒரப்பு பொறத்தால வந்துச்சு. சரி, இது நல்லா இருக்கா? எனக்கு எப்படித் தெரியும்? நான் வச்ச புளிக்கறி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சாத்தான இது அது மாதிரி இருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்? ஊரே நாக்கைச் சப்புக் கொட்டுன சாப்பாடு எப்படி இருக்கும்னு ஊருல தெரியாதவன் நான் ஒருத்தன்தான். இன்னொரு துளி. உப்பு குறைவோ? இன்னொரு துளி. கூடுதலோ? மூணாவது துளியில எல்லாம் ஒண்ணு போல ஆயிட்டு. விதியை மீறியும் ஒரு பிரயோசனம் இல்ல. அடியில லேசாப் பிடிக்கிற வாடை வந்ததும் படக்குன்னு எறக்கிட்டேன். நானா எறக்கல, பயந்துதான் எறக்குனேன்.

சோத்தைக் கையால குழைச்சு, அது மேல ரெண்டு கரண்டி விட்டு, தட்டை எடுத்துட்டுப் போனேன். தலையணையை முதுகுக்கு வச்சு நிமித்தி உக்கார வச்சேன். எலும்புதான் கையில தட்டுது. ஊட்டட்டான்னேன். வேண்டாம்னு தலையாட்டிட்டு தட்டை மடியில வாங்கிக்கிட்டா. உருட்டுதா. உருட்டிக்கிட்டே இருக்கா. எம்மா, வாயில வை. எனக்கு நிக்கவும் முடியல, இருக்கவும் முடியல, காத்தாடியைப் பாக்கேன், நாள்காட்டியைப் பாக்கேன், அதுல திங்கக்கிழமையைப் பாக்கேன். வச்சா. வச்சதும் கண்ணை இடுக்கி, வாயைத் தொறந்து, உஸ்ஸுன்னு மூச்சை உள்ள இழுத்தா. செத்தேன்.

"என்ன, புளி பச்சையா இருக்கா? உப்பு?"

கையை ஆட்டுனா. மென்னு முழுங்குனா. தொண்டையில எறங்குதது எனக்கு வெளிய இருந்து தெரியுது.

"சுடுது," ன்னா.

"அடுப்புல இருந்து எறக்குனா சுடாம என்னட்டி செய்யும்? சுடுதுன்னா ஊதித் திங்கணும். உப்பு எப்படி இருக்குன்னு கேட்டா சுடுதுங்குத!"

"அதுக்கில்லங்க." அடுத்த உருண்டையை எடுத்து ஊதுனா. பைய ஊதுனா. "ஒங்க சமையல் சுட்டு நான் பாத்ததில்ல. வாளியில ஆறித்தான வரும்."

குத்திக் காட்டணும்னு சொல்லல. சாதாரணமா, இன்னைக்கு வெயில் கூடுதல்ங்குத மாதிரிதான் சொன்னா. சொல்லிட்டு வாயில வச்சுக்கிட்டா. கட்டில் ஓரத்துல உக்காந்தேன். கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள், என்னையும் ஒரு பந்தியில உக்கார வையுங்களேன்னு கேட்டா. சமையக்காரன் பொண்டாட்டி பந்தியில வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. கேக்காததையெல்லாம் நான் சரின்னு எடுத்துக்கிட்டேன். அன்னைக்கு மறுபடி கேக்கல, இப்ப போனை ஏன் எடுக்கலன்னும் கேக்கல. இதுக்கு மேல அந்த ஆணியில அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு என்னால திரிய முடியாது.

"உலகு," ன்னேன். "அன்னைக்குப் போனு பைக்குள்ள இல்ல. மடியிலதான் இருந்துச்சு. நீ கூப்பிட்டதைப் பாத்தேன். நாலு தடவையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுக்கல."

அவ நிமிர்ந்து பாக்கல. தட்டு ஓரத்துல ஒட்டுன புளிக்கறியை வெரலால வழிச்சு சோத்தோட சேத்தா.

"தெரியும்," ன்னா. "மூணாவது தடவை நீங்களே கட் பண்ணுனிங்க. கட் பண்ணுன சத்தம் கேட்டுச்சு."

கட் பண்ணுனேனா? நான் அதை எனக்கே சொல்லிக்கிடல. ஆமா, பண்ணுனேன். வெரலு அழுத்துனது இப்ப ஓர்மை வருது. என்னமோ சொல்லணும்னு வாயைத் தொறந்தேன், வார்த்தைக்குப் பதிலா அழுகைதான் வருது, அறுவத்தோரு வயசுல, வேட்டி முனையை எடுத்து மூஞ்சியில வச்சுக்கிட்டு, ஏங்கி ஏங்கி. அவ ஒரு கையால என் மொழங்காலைத் தட்டுனா. அதட்டுத மாதிரிதான் தட்டுனா.

"சாப்பிட விடுங்க," ன்னா. "ஆறிரும்."

நான் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டேன். அவ அடுத்த வாயை எடுத்தா.